உஷார்! அடித்த அன்றே புழு செத்தால் அது பூஞ்சை இல்லை

பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தில் கீரை, கத்தரி, வெண்டை போடுகிற அத்தனை பேருக்கும் இது அவசரமான எச்சரிக்கை. ‘நுண்ணுயிர் மருந்து’, ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று பச்சை லேபிள் ஒட்டி, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் பாட்டில்களை நம்பி ஏமாறாதீர்கள். காலையில் அடித்தால் மதியத்துக்குள் புழுவெல்லாம் கொட்டிவிடும் என்று விற்க வருபவர் சத்தியம் செய்தால், அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். நுண்ணுயிர் மருந்தில் இருக்கும் எந்தப் பூஞ்சையாலும் அப்படிக் கொல்ல முடியாது.

பூஞ்சை வேலை செய்யும் விதமே வேறு. பவேரியா பேசியானா, மெட்டாரைசியம் போன்றவற்றின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் முதலில் புழுவின் தோலில் ஒட்ட வேண்டும். ஈரம் கிடைத்தால் முளைவிட்டு, தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகும். உடம்புக்குள் பெருகி, சத்தை உறிஞ்சி, புழுவைச் சாகடிக்க பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். செத்த புழு விறைத்துப் போயிருக்கும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் பவேரியா தாக்கிய புழு மேல் வெள்ளை மாவு பூத்திருக்கும், மெட்டாரைசியம் என்றால் அது பச்சையாக மாறும். பூஞ்சை அல்லாத பி.டி. பாக்டீரியாகூட, சில மணி நேரத்தில் புழுவின் தீனியை நிறுத்துமே தவிர, சாவதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

அப்படியென்றால் மதியத்துக்குள் கொல்லும் பாட்டிலில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் இரசாயனப் பூச்சிக்கொல்லிதான். இயற்கை மருந்து என்ற பெயரில் இரசாயனத்தைக் கலந்து விற்பது நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் சந்தேகப்படுங்கள்.

நம் பகுதியில் இதன் ஆபத்து பல மடங்கு. கீரை முளைத்து மூன்று நாலு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் அறுத்து, கழுவிக் கட்டுக் கட்டி, இரவு வண்டியில் ஏற்றினால் செங்குன்றம் வழியாக விடிவதற்குள் கோயம்பேடு. இரசாயனம் என்று தெரிந்தால் எந்த விவசாயியும் அறுப்புக்கு முன் நாள்கணக்கில் காத்திருப்பார். ‘இயற்கைதானே’ என்று நம்பி அடித்தவர் அன்றைக்கே அறுத்துவிடுகிறார். அந்தக் கீரை மறுநாள் மதியம் சென்னையில் ஒரு குழந்தையின் சோற்றில் கிடக்கிறது. அடித்தவருக்கும் முகத்தில் துணி இல்லை, கையில் உறை இல்லை. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்காவது கையில் இருப்பது விஷம் என்று தெரிந்திருந்தது.

பூச்சியையோ நோயையோ கட்டுப்படுத்தவென்று விற்கும் நுண்ணுயிர் மருந்தும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகிறது. லேபிளில் மத்தியப் பதிவு எண் இருக்க வேண்டும், ‘சி.ஐ.ஆர்.’ என்று தொடங்கும். நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் தெளிவாக வேண்டும். பலர் இதிலிருந்து தப்ப ‘பயிர் ஊக்கி’ என்று லேபிளில் போட்டுவிட்டு, பூச்சி சாகும் என்று வாயால் மட்டும் சொல்லி விற்கிறார்கள். ஊக்கிகளும் 2021-இலேயே உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. பூச்சியைக் கொல்ல அவற்றுக்கு அனுமதி கிடையாது. பில் கேளுங்கள். பில் தர மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நல்ல சரக்கையே வாங்கி நாமே கொன்றுவிடுகிறோம். சம்பாவுக்கு விதைநேர்த்தி செய்யும்போது கார்பென்டாசிம் கலந்துவிட்டு, அதே விதையில் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மாவையும் கலப்பவர்கள் உண்டு. ஒன்று பூஞ்சைக்கொல்லி, மற்றொன்று பூஞ்சை! பாக்கெட்டைத் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் போட்டு வைக்கிறோம். கொதிக்கிற பாலில் உறை ஊற்றிவிட்டுத் தயிரை எதிர்பார்ப்பது மாதிரிதான். நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெயில் தாழ்ந்து அடியுங்கள், புறஊதாக் கதிர் வித்துகளைக் கொன்றுவிடும். டிரைக்கோடெர்மாவை மண்ணில் இடுவதென்றால் ஏக்கருக்கு 1 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் இருக்கும்போது போடுங்கள். நாற்றழுகல், வேரழுகலுக்கு அது நோய் வருமுன் போட வேண்டியது. செடி சாய்ந்தபின் கொட்டிப் பயனில்லை.

எனக்கு மிகவும் பயம் தருவது, மருந்துக்கென்று வேகவைத்த சோற்றில் பூஞ்சையை வீட்டிலேயே வளர்க்கும் பழக்கம். சோற்றில் பச்சையாகப் பூத்ததெல்லாம் டிரைக்கோடெர்மா இல்லை. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் பச்சைதான். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதைக் கரைத்து, பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி மேல் தெளித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நல்ல பாக்கெட்டின் பொடியைக்கூட முகமூடி இல்லாமல் கையாளக் கூடாது.

நல்ல சரக்கு எங்கே கிடைக்கும், எந்தப் பூச்சிக்கு எது என்று எல்லாபுரம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். சந்தேகப் பாட்டில் கையில் இருந்தால் கீழே கொட்டாதீர்கள், பில்லோடு வேளாண்மை அலுவலரிடம் கொடுங்கள்.

மருந்து அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், எச்சில் ஒழுகல் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ‘இயற்கை மருந்துதான் டாக்டர்’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள், உள்ளே இரசாயனம் கலந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.