பொள்ளாச்சி போற பஸ்ஸும் ஜெர்மன் இலக்கணமும்

கிணத்துக்கடவில் நிற்கிறவர், 'பொள்ளாச்சி போற பஸ் வந்துருச்சுங்களா?' என்று கேட்பார். இதிலுள்ள 'போற' பெயரெச்சம். இதே வேலையைச் செய்ய ஜெர்மனிலும் ஒரு வடிவம் உண்டு. 'டேர் நாஹ் பொள்ளாச்சி ஃபாரெண்டெ புஸ்' என்றால் 'பொள்ளாச்சிக்குப் போகிற பஸ்'. ஊர் முன்னால், போவது அடுத்து, பஸ் கடைசியில். வரிசை அப்படியே தமிழ்தான். ஆங்கிலத்தில் பஸ் முதலில் வந்துவிடும்.

பேச்சில் ஜெர்மானியர் இவ்வளவு நீட்டுவதில்லை. செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இது சர்வசாதாரணம்.

ஆக்குவது எளிது. 'ஃபாரென்' என்ற வினையின் மூலவடிவத்தோடு 'டி' எழுத்தைச் சேர்த்தால் 'ஃபாரெண்ட்'. சிரமம் அதன் பிறகுதான். 'தூங்குகிற குழந்தை', 'தூங்குகிற குழந்தைக்கு' என்று தமிழில் பெயரெச்சம் மாறாமல் நிற்கும். ஜெர்மனில் 'டாஸ் ஷ்லாஃபெண்டெ கிண்ட்' என்பது நான்காம் வேற்றுமைப் பொருளில் 'டேம் ஷ்லாஃபெண்டென் கிண்ட்' ஆகிறது. பால், எண், வேற்றுமை, முன்னால் வரும் சுட்டு ஆகியவற்றைப் பொறுத்து விகுதி மாறும்.

தமிழர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. 'படிக்கிற பையன்', 'படிக்கிற புத்தகம்' இரண்டும் நமக்குச் சரி. ஜெர்மனில் 'லேஸெண்டெ' பையனுக்கு மட்டுமே பொருந்தும். புத்தகத்துக்கு முன் போட்டால் புத்தகமே படிக்கிறது என்றாகிவிடும். இந்த எச்சம் செயலைச் செய்பவரையே தழுவும்.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு இது ஏட்டு இலக்கணம் அல்ல. அங்கே செவிலியராகப் பதிவுபெற, பொதுவாக பி2 நிலை மொழித்தேர்ச்சி கேட்கிறார்கள். மருத்துவக் குறிப்பில் 'டேர் பெஹாண்டெல்ண்டெ ஆர்ட்ஸ்ட்' என்றிருந்தால் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். 'ஷ்டில்லெண்டெ முட்டர்' பாலூட்டும் தாய். 'அன்ஹால்டெண்டெ ஷ்மெர்ட்சென்' விடாமல் நீடிக்கும் வலி. இவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரியாமல் நோயாளியின் கோப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் அச்சானது. தமக்குத் தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு அவர் தமிழுக்குள் வந்தார். நாமும் அப்படியே தமிழைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனுக்குள் போகலாம்.

கோவையில் கோத்தே-சென்ட்ரம் உட்படப் பல இடங்களில் ஜெர்மன் கற்பிக்கிறார்கள். ஆசிரியர்கள் இந்த எச்சப் பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்காமல் பெயரெச்சத்தில் தொடங்க வேண்டும். கொங்குப் பிள்ளைகளுக்குப் பாதி இலக்கணம் ஏற்கெனவே தெரியும். விகுதிகளை மனப்பாடம் செய்து, 'படிக்கிற புத்தகம்' போன்ற இடங்களில் கவனமாக இருந்தால் போதும்.