துவண்டு கிடக்கும் குஞ்சுக்கு முதலில் சூடு, அப்புறம்தான் தீனி

நம்ம கூட்டங்களில் கோழி வளர்ப்பு பற்றிப் பேச்சு வந்தால் பெண்கள் சொல்லும் முதல் புகார் ஒன்றுதான். "பன்னெண்டு முட்டை வெச்சேன், பத்துப் பொரிச்சுச்சு, ஒரே வாரத்துல ஆறுதாங்க நிக்குது." பருந்தும் காக்காவும் தூக்கினது போக, பொரித்த ரெண்டு நாளிலேயே துவண்டு சாகிற குஞ்சுகளும் இந்தக் கணக்கில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் நோட்டுக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால், யாரிடமும் கை நீட்டாமல் வீட்டுப் பெண்கள் எடுக்கிற காசு கோழிக் காசுதான். ஆகவே சாகிற ஒவ்வொரு குஞ்சும் அவர்கள் கையிலிருந்து போகிற காசு.

இதற்கு நம்மிடையே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "இயற்கையா விட்டுருங்க, வலுத்தது பிழைக்கும்." நான் இதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பிறவியிலேயே கோளாறான குஞ்சை இழுத்துப்பிடித்து வளர்த்து, அதையே வித்துக் கோழியாக வைப்பது நல்லதில்லை. ஆனால் துவண்டு கிடப்பதெல்லாம் பிறவிக் கோளாறு கிடையாது. 20ஆம் நாள் ராத்திரி பொரித்த குஞ்சும், 22ஆம் நாள் காலையில் பொரித்த குஞ்சும் ஒரே பெட்டைக்கும் ஒரே சேவலுக்கும் பிறந்ததுதான். பிந்தி வந்தது ஒன்றுதான் பின்னது செய்த குற்றம்.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டை உடைத்து வெளியே வருமுன் குஞ்சு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அது அதற்குக் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு 2 நாள் வரை தீனி, தண்ணி இல்லாமலே தாங்கும். முந்திப் பொரித்தவை பிந்தியவற்றுக்காகத் தாயின் அடியில் காத்திருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் முந்தியவை காய்ந்து, உடம்பு தேறி, இறக்கைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்த ஆரம்பித்ததும் தாய்க்குப் பொறுக்காது. அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். ஈரம் காயாத கடைசிக் குஞ்சு கூட்டில் தனியாகக் கிடக்கும். முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துபோகும்.

ஆக, அதைப் படுத்துவது குளிர்தான், பசி இல்லை. ஆனால் நாம் செய்வது என்ன? வாயைத் திறந்து பாலை ஊற்றுவோம், கஞ்சியைத் திணிப்போம். உடம்பு சில்லிட்ட குஞ்சுக்குக் குடல் வேலை செய்யாது. தலையைத் தூக்க முடியாததற்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில்தான் போகும். இப்படிச் சாகிற குஞ்சுகளைப் பார்க்கும்போது, சும்மா விட்டிருந்தாலாவது தாயே வந்து அணைத்திருக்குமோ என்று நினைப்பேன்.

துவண்ட குஞ்சைக் கையில் எடுத்ததும் அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல குஞ்சின் கால் வெதுவெதுப்பாக இருக்கும். சில்லென்று இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், சூடு காட்டணும். ஒரு அட்டைப்பெட்டியில் உமியோ வைக்கோலோ பரப்பி, ஒரு பக்கமாக 60 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், அதை நம்பிக் குஞ்சை வைக்காதீர்கள். குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சைப் பார்த்தே சொல்லிவிடலாம். பல்புக்கு அடியில் ஒடுங்கிக் கத்தினால் சூடு பத்தவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒதுங்க இடம் வேண்டும் என்பதால்தான் பல்பை ஒரு பக்கமாகப் போடச் சொன்னேன். கரண்ட் இல்லாத நேரத்தில், பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். அது ஆறினதும் மாற்றிக்கொண்டே இருக்கணும். கரியடுப்பை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், புகை குஞ்சுக்கு ஆகாது.

சில குஞ்சு அரை மணியில் எழுந்து நின்று கத்தும், சிலதுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். நின்ற பிறகுதான் தண்ணி. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில் துளி கருப்பட்டி கரைத்து, விரலில் தொட்டு அலகின் ஓரத்தில் வையுங்கள். தானாக உறிஞ்சி, தலையைத் தூக்கி விழுங்கும். அது போதும். அப்புறம் குருணை, தினை, இல்லை அவித்த மஞ்சள் கரு கொஞ்சம் உதிர்த்துப் போட்டால் தானே கொத்தும்.

பெட்டியைத் தாயின் சத்தம் கேட்கிற தூரத்தில் வைக்கணும். தாய் "கொக் கொக்" என்று தீனிக்குக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் குஞ்சு தாயை அறியும், தாயும் குஞ்சின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு ராத்திரியே திருப்பிவிடுவது நல்லது. இருட்டினதும், டார்ச்சை முகத்தில் அடிக்காமல், பின்பக்கமாகக் கையை விட்டு இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விடிந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். தலையில் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். ரெண்டு நாளுக்கு மேல் பிரித்து வைத்த குஞ்சைப் பெரும்பாலான கோழி தன் குஞ்சாகச் சேர்க்காது. வெள்ளைக் குஞ்சுகளோடு திரியும் தாயிடம் கறுப்புக் குஞ்சு ஒன்றைப் பிந்திச் சேர்ப்பது இன்னும் கஷ்டம்.

கால் விரிந்து, தவளை மாதிரிப் படுத்துக்கிடக்கும் குஞ்சுகள் வேறு வகை. வழவழப்பான தரையில், செய்தித்தாள் விரித்த பெட்டியில் இது அதிகம் வரும். காலுக்குப் பிடிமானம் கிடைக்காததுதான் காரணம். மெல்லிய பருத்தித் துணி நாடாவால், குஞ்சு இயல்பாக நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, ரெண்டு காலையும் தளர்வாக இணைத்துக் கட்டணும். பொரித்த முதல் ரெண்டு மூணு நாளுக்குள் கட்டினால் சீக்கிரம் நேராகிவிடும். வாரம் கழித்துக் கட்டி ஒரு பயனும் இல்லை. கட்டுப் போட்ட குஞ்சு தாயோடு நடக்க முடியாது. அதைப் பெட்டியில் வைக்கும்போது துணைக்கு இன்னொரு குஞ்சையும் வையுங்கள், தனியாக விட்டால் கத்தியே களைத்துப்போகும். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தால் சரி. பிய்த்து எடுக்கக் கூடாது.

தொப்புள் மூடாமல், வயிறு உப்பி, கெட்ட நாற்றம் அடிக்கிற குஞ்சை மட்டும் நான் தனியாக எடுத்துவிடுவேன். அது பெரும்பாலும் பிழைக்காது, மற்றவற்றோடு விடவும் கூடாது. ஓட்டை உடைக்கத் திணறும் குஞ்சை நாமாகப் பிய்த்து எடுப்பதும் இந்தத் தொப்புள் கோளாறில்தான் கொண்டுபோய் விடும். மஞ்சள் கருவும் ரத்தமும் உள்ளே போய்ச் சேருமுன் அவசரப்பட்டு இழுத்துவிடுகிறோம்.

இத்தனை வைத்தியமும் தேவைப்படாமல் இருக்க, அடை வைக்கும் நாளிலேயே கவனிக்கணும். எல்லா முட்டையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வையுங்கள். வைத்த முட்டை ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேறு பெட்டை வந்து அதே கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடு இல்லாத முட்டையை அன்றாடம் எடுத்துவிட்டால் பிந்திப் பொரிக்கும் சங்கதி பாதி குறைந்துவிடும். 10 நாளுக்கு மேல் சேர்த்து வைத்த முட்டையும் பிந்தித்தான் பொரிக்கும், குஞ்சும் வலுவில்லாமல் இருக்கும். என்னிடம் இருப்பது சிறுவிடை. நல்ல அடைக்கோழிதான், ஆனால் உடம்பு சின்னது. 9 அல்லது 10 முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. 7ஆம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடுவேன். இருக்கிற இடம் மற்றதுக்கு ஆகட்டும்.

அடைக்கோழிக்குச் செல்லு பிடித்திருந்தால் அதுவே குஞ்சுக்கு எமன். 21 நாளும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழியின் ரத்தத்தைக் குடித்துப் பெருகி, பொரித்த அன்றே குஞ்சின் மேல் ஏறும். அடை வைக்குமுன் கோழி சாம்பலில் புரள வழி செய்து, கூட்டின் பழைய வைக்கோலை எரித்து, புது வைக்கோலுக்கு அடியில் வேப்பிலையும் நொச்சி இலையும் போட வேண்டும்.

பொரித்து இறங்கியதும் முதல் 5 நாள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்துத் தீனி போடுங்கள். தேறிவந்த குஞ்சு மறுபடி துவள்வதற்குத் தாயின் பின்னால் நெடுந்தூரம் ஓடுவதே முக்கியக் காரணம். தண்ணியைக் கொட்டாங்குச்சியில் வைத்து, நாலு கூழாங்கல்லைப் போட்டுவிடுங்கள், குஞ்சு விழுந்து நனையாது. 6ஆம் நாள் திறந்துவிடும்போது புல்லில் பனி காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் அதற்கு 9 மணிகூட ஆகும்.