சட்டையின் எடையை யார் நிறுப்பது?

ஓய்வூதியர்கள் நான்கு பேர் கூடினால் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவது இயல்பு. அண்மைக் காலமாக எங்கள் பேச்சில் அதற்கு அடுத்த இடத்தைத் துணி பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பு ஒரு சட்டை நான்கு தீபாவளிகளைக் கண்டது. இப்போது அடுத்த பொங்கலுக்குள் கழுத்துப்பட்டை நைந்துவிடுகிறது என்பதுதான் எல்லோருடைய குறையின் சாரம். ஏதோ நடைபாதைக் கடையைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லவில்லை. பெரிய கடைவீதியில், மூன்று தலைமுறையாகத் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் துணி எடுத்த கடையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதை முதியோரின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

ஒதுக்குவதற்குக் காரணமும் உண்டு. பழைய துணிகளில் உழைத்தவைதாம் இன்றும் பெட்டியில் இருக்கின்றன. கிழிந்தவை எல்லாம் கரித்துணியாகி மறைந்துவிட்டன. எஞ்சியதை மட்டும் பார்த்து அந்தக் காலத்துத் துணி முழுவதும் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. கூட்டுறவுக் கடைகளில் வரிசையில் நின்று வாங்கிய கட்டுப்பாட்டு விலைத் துணியை நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு புதுத்துணியே அரிதாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விருப்பம்போல் உடுத்துகிறார்கள் என்றால், ஆடை மலிந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் கேள்வி வேறு. அதே கடையில், அதே பெயரில், அதே விலைப் படிநிலையில் விற்கப்படும் சட்டை பத்தாண்டுகளுக்கு முன் இருந்த சட்டைதானா?

துணியின் கனம் குறைவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சட்டையைப் பார்த்தால் தெரியாது. நூலின் எண் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதன் கணக்கு. எண் கூடினால் நூல் மெலிதாகும். மெலிந்த நூலை நெருக்கமாக நெய்தால் உயர்ந்த துணி கிடைக்கும். அதே நூலில் அங்குலத்துக்கு இத்தனை இழை என்ற கணக்கைச் சற்றுக் குறைத்துவிட்டால் சல்லடை கிடைக்கும். குறைந்த இழையைக் கஞ்சியும் மெருகும் மறைக்கும், முதல் சலவை வரை. பிறகு தையல். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் இருந்த இடத்தில் எட்டு, விளிம்பில் அரை அங்குலம் மடித்த இடத்தில் கால் அங்குலம், கூடுதல் பொத்தான் காணாமற்போவது என்று சிறுசிறு மிச்சங்கள். முன்பு பெண் குழந்தைகளின் பாவாடையில் டக்குப் பிடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். இன்றைய ஆயத்த ஆடையில் பிரித்துவிடத் துணியே இல்லை.

என் மனைவி இதையெல்லாம் விரலாலேயே கண்டுபிடிப்பார். துணியின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மூலையை ஈரப்படுத்தி இழுப்பார். ஐயம் இருந்தால் வீட்டுக்கு வந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவார். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். உள்பாவாடைக்கு எடுத்த பாப்ளின் துணி மணியாகத் திரண்ட நாளில் அவர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார். உலக இழை உற்பத்தியில் இன்று பாதிக்கு மேல் பாலியஸ்டர். பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எனவே அந்த மணியில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் எழுபது வயது உடம்பு அதை வேறுவிதமாக உணர்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? கடைக்காரரின் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் எந்த நெருக்கடியில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அது ஏறத்தாழப் பாதி. நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. அந்த ஆண்டில் கடையில் சட்டை விலை இரு மடங்கு ஆனதா? ஆகவில்லை. ஆகியிருந்தால் வாங்குபவர் திரும்பிப் போயிருப்பார். விலையில் ஏற்ற முடியாததைத் துணியில் இறக்குவதுதான் எஞ்சிய வழி. பஞ்சு விலை பின்னர் இறங்கியது. துணி பழைய கனத்துக்குத் திரும்பியதை நான் காணவில்லை.

வரியும் தன் பங்குக்கு உதவியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று விதிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய்ச் சட்டைக்கு வரி 50 ரூபாய். ஒரு ரூபாய் கூடினால் வரி 120 ரூபாய். 999 என்ற எண்ணின் மீது வணிகர்களுக்கு இருக்கும் பற்று ஏற்கெனவே பெரிது. இந்த வரம்பு அதை இன்னும் இறுக்கியது. எட்டு ஆண்டுகளாக எல்லாச் செலவும் ஏற, வரம்பு மட்டும் அசையாமல் நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் மெலிந்த துணியில் நல்ல லாபம் பார்க்கப் பழகிவிட்ட தொழில், வரம்பு விலகியதாலேயே கனத்தைக் கூட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிஸ்கட் பொட்டலம் இளைத்தபோது நாம் அறிந்துகொண்டோம். பொட்டலப் பொருள்கள் குறித்த 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி அதன் மேல் நிகர எடையை அச்சிட்டே தீர வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் எத்தனை கிராம் குறைந்தது என்று பள்ளிச் சிறுவனும் கணக்கிடலாம். சட்டைக்கு அப்படி ஓர் எடை இல்லை. 42 என்று எழுதியிருந்தால் அது மார்பளவு. சட்டை எவ்வளவு இளைத்தாலும் 42 என்பது 42தான்.

இங்கேதான் எங்கள் அகவிலைப்படி வருகிறது. தொழிற்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டே அது ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் துணிமணிக்கும் காலணிக்கும் சேர்த்து அளிக்கப்பட்டுள்ள எடைப்பங்கு 6.08 சதவீதம். குறியீட்டெண்ணின் கொள்கை தெளிவானது: ஒரே தரமுள்ள பொருளின் விலையை மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். விலை சேகரிக்கச் செல்பவர் கடையில் அதே வகைச் சட்டையைக் கேட்கிறார், அதே விலையைக் குறித்துக்கொள்கிறார். அச்சட்டையின் இழை குறைந்ததை அவர் எப்படி அறிவார்? கைபேசியின் திறன் கூடினால் அதைக் கணக்கில் கொள்வது எப்படி என்று புள்ளியியலாளர்கள் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். துணி கொஞ்சம் கொஞ்சமாக மெலிவதற்கு அத்தகைய அக்கறை கிடைக்கவில்லை. நான்கு ஆண்டு உழைத்த சட்டை இரண்டு ஆண்டில் கிழிந்தால், விலை அப்படியே இருந்தாலும் உடுத்தும் செலவு இரு மடங்கு. குறியீட்டெண்ணைப் பொறுத்தவரை அது பூஜ்யப் பணவீக்கம்.

தரத்தைப் பற்றிய பொருளாதாரச் சிந்தனைக்கு 1970 ஒரு வளமான ஆண்டு. வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பொருள்கள், பயன்படுத்திய பின்பே தெரியவரும் பொருள்கள் என்று பிலிப் நெல்சன் பிரித்துக் காட்டியது அந்த ஆண்டில்தான். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது மட்டமான பொருள் நல்ல பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களைக் கொண்டு விளக்கியதும் அதே ஆண்டில். துணி ஒரு காலத்தில் நெல்சன் சொன்ன முதல் வகையைச் சேர்ந்தது. தானைப் பிரித்து மேசைமேல் விரிப்பார்கள். தொட்டு, கசக்கி, முகர்ந்துகூடப் பார்க்கலாம். இன்று அட்டையும் குண்டூசியும் வைத்து உறையிலிட்ட சட்டை இரண்டாம் வகைக்கு மாறிவிட்டது. இணையத்தில் வாங்கினால் படத்தைத்தான் தொட முடியும்.

தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய விற்பனையாளரும் இல்லை. முப்பது ஆண்டு ஒரே மேசைக்குப் பின்னால் நின்றவர், "இது வேண்டாம் சார், சாயம் போகும்" என்று தன் கடைச் சரக்கையே மறுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அங்கே நிற்பவர்கள் சிறு வயதினர். பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்குள் வேலையை விட்டுச் செல்பவர்கள். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. துணியைப் பற்றி அவர்கள் கற்பதற்குக் கடை எதுவும் செய்யவில்லை. இரண்டு சலவையில் தொளதொளத்துப்போன சட்டையைப் பற்றி நான் ஒரு கடையில் கேட்டபோது, அந்த இளைஞர் கனிவாகவே சொன்னார்: "இப்ப எல்லாம் இப்படித்தான் சார் வருது. காட்டன் கனமா வேணும்னு கேக்கறது பெரியவங்க மட்டும்தான்."

அவர் சொன்னதில் கடையின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு மூன்று சட்டை வாங்கி முப்பது கேள்வி கேட்கும் முதியவரைவிட, மாதம் ஒன்று வாங்கி எதையும் கேட்காத இளைஞர் லாபமானவர். முதியவர் போனால் போகட்டும். இந்தக் கணக்கில் உள்ள பிழையை விளக்கிய மூன்றாவது நூலும் 1970-இல் வந்ததுதான். ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் அந்த நூல் வெளியேற்றம், குரல், விசுவாசம் என்னும் மூன்றைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் தரம் இறங்கும்போது வாடிக்கையாளர் ஒன்று பேசாமல் வெளியேறுவார் அல்லது குரல் எழுப்பித் திருத்த முயல்வார். விசுவாசம் உள்ளவர் சட்டென்று போய்விடாமல் நின்று குரல் கொடுப்பார். விலை ஏறினால் முதலில் விலகுபவர் பொருள்மீது அவ்வளவு பற்றில்லாதவர். தரம் இறங்கினாலோ, தரத்தை மிகவும் மதிப்பவரே முதலில் விலகக்கூடும். குறையைச் சுட்டக்கூடியவர்கள் போய்விட்டால் இறக்கம் கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். நைஜீரிய ரயில்வே சீரழிந்ததைப் பார்த்து ஹிர்ஷ்மன் இந்தச் சிந்தனைக்கு வந்தார். நம் ஜவுளிக்கடைக்கும் அது பொருந்துகிறது.

இது ஒரு நாட்டின் கதையும் அன்று. ஆடைக்கடைத் தரத்தைப் பற்றிய முதியோரின் ஏமாற்றம் ஒரு தேசிய உரையாடலாகவே நடந்த நாடு பிரிட்டன். அங்குள்ள மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1884-இல் லீட்ஸ் சந்தையில் எல்லாம் ஒரு பென்னி என்று விற்ற கடையாகத் தொடங்கியது. செயின்ட் மைக்கேல் என்ற அதன் முத்திரை 1928-இல் பதிவானது. துணியைச் சோதிக்க 1930-களிலேயே சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. நடுத்தர வயதையும் அதைக் கடந்த வயதையும் சேர்ந்த பெண்களே அதன் முதுகெலும்பு. 1998-இல் நூறு கோடி பவுண்டுக்கு மேல் லாபம் காட்டிய நிறுவனம் சில ஆண்டுகளிலேயே பெரும் சரிவைக் கண்டது. முப்பது ஆண்டுகளாகத் துணி தைத்துக் கொடுத்த வில்லியம் பேர்ட் நிறுவனத்துடனான உறவை 1999-இல் முறித்துக்கொண்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. உற்பத்தி வெளிநாட்டுக்குப் போனதுதான் குறை என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பூரும் இலங்கையும் உலகத் தரத்தில் தைக்கின்றன. கேட்ட தரத்தைத்தான் தைப்பவர் தருகிறார்.

கவனிக்க வேண்டியது அங்கே எழுந்த குரல். 2008-இல் பிபிசியின் புகழ்பெற்ற நேர்காணலாளர் ஜெரமி பாக்ஸ்மன், அந்நிறுவனத்தின் உள்ளாடைகள் முன்புபோல் இல்லை என்று அதன் தலைவர் ஸ்டூவர்ட் ரோஸுக்கு எழுதியது வெளியே கசிந்தது. அமைச்சர்களை நடுங்கவைத்தவர் இடுப்புத்துணிக்காக நடத்திய போராட்டம் என்று நாடே சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பலர் அவர் சொன்னதை ஆமோதிக்கவும் செய்தார்கள். அந்நிறுவனத்தின் சிறு பங்குகளை வைத்திருந்த மூத்த வாடிக்கையாளர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து துணியைப் பற்றி இயக்குநர்களிடம் நேருக்கு நேர் கேட்டார்கள். நம் ஊர்க் கடைகள் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். அங்கே எழுந்து கேட்பதற்குக் கூட்டமே கிடையாது.

வெளியேறினாலும் எங்கே போவது? எல்லாக் கடைகளும் ஒருசேர இறங்கினால், ஒரு கடையில் ஏமாந்தவர் அடுத்த கடைக்கும், அங்கே ஏமாந்தவர் இங்கேயும் வருவார். எந்தக் கடைக்கும் விற்பனை குறையாது, எதுவும் பாடம் கற்காது. இதையும் ஹிர்ஷ்மன் எச்சரித்திருக்கிறார். தையற்காரரிடம் போகலாம் என்றால் தையற்கூலியே பல ஊர்களில் ஆயத்தச் சட்டையின் விலையை எட்டிவிட்டது. ஒரு கையால் ஒரு சட்டை தைப்பவர், நாற்பது பேர் வரிசையில் தைக்கும் ஆலையோடு விலையில் போட்டியிட முடியாது. அவரும் குறைந்துவருகிறார்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. சட்டையின் கழுத்தில் தைக்கும் சீட்டில், இழைகளின் விகிதத்தோடு, துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், சலவையில் எத்தனை சதவீதம் சுருங்கும் என்ற இரண்டு எண்களும் இருக்கட்டும். பிஸ்கட்டுக்கு விதிக்க முடிந்ததைச் சட்டைக்கும் விதிக்கலாம். விலை சேகரிப்பவரும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்; குறியீட்டெண் கொஞ்சமாவது கண் திறக்கும். இதற்குச் செலவாகும் என்று தொழில்துறை சொல்லக்கூடும். திருப்பூரிலிருந்து கப்பலேறும் பின்னலாடையின் ஒவ்வொரு ஆணையிலும் சதுர மீட்டருக்கு 160 கிராம், 180 கிராம் என்று துணியின் எடை எழுதப்பட்டிருக்கிறது. எடை குறைந்தால் வெளிநாட்டுக் கொள்முதலாளர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அதை நிறுத்துப் பார்க்கும் சிறு தராசும் வட்டமாகத் துணி வெட்டும் கருவியும் அங்கே தர ஆய்வாளரின் மேசைமீதே இருக்கின்றன.