வேஷம் யாருக்குச் சொந்தம்?

பரமத்தி வேலூரில் என் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறும்போதே உள்ளே ஒரே ரகளை! அக்காள் மகளுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வேஷம் கிடைத்திருந்தது. "இத்தனை பையன்கள் இருக்கும்போது பெண் குழந்தைக்கு எதற்கு மீசை?" என்று சில தாய்மார்கள் ஆட்சேபித்து விட்டார்களாம். குழந்தையின் கண்களில் காவிரி பெருகிக் கொண்டிருந்தது.

அம்மாயி நிதானமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி சொன்னாள்: "ஏங்கண்ணு, நம்மூர்க் கூத்துல விடிய விடியப் பாஞ்சாலி வேசங் கட்டினவன், விடிஞ்சதும் ஏர் ஓட்டப் போவான். அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே! ஆத்துக்கு அக்கரையில இருக்கற கொடுமுடிச் சுந்தராம்பாள் கட்டாத ஆம்பளை வேசமா?"

அம்மாயி சொன்னதில் தப்பே இல்லை. 1908-ல் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், சிறுமியாக மேடை ஏறியபோதே ஆண்பிள்ளை வேஷந்தான் போட்டார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த மகனாக வந்து பாடினார். பின்னாளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் மேடையில் ஜோடி சேர்ந்தார்கள், வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்திக் கொண்டார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார்.

யோசித்துப் பாருங்கள். ஜோடியாக வரமாட்டேன் என்று சொல்லும் இளம் நடிகைக்கு அந்தக் காலத்தில் என்ன வேஷம் மிஞ்சும்? 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் அவரே கதாநாயகனாக, நந்தனாராகவே தோன்றினார்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அவ்வளவு பெரிய தொகை கேட்டால் படக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தே கேட்டாராம். அவர்களோ ஒப்புக் கொண்டு விட்டார்கள் என்று சொல்வதுண்டு.

நந்தனார் என்ன, நேற்று வந்த பாத்திரமா? கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்' காலட்சேபமாகவும் நாடகமாகவும் ஜனங்களின் மனத்தில் ஊறிப் போயிருந்தது. போதாக்குறைக்கு, படத்தில் வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் 'ஆனந்த விகடன்' விமர்சனத்தில் கல்கி வெளுத்து வாங்கி விட்டார். படத்தில் நன்றாக நடித்தவை மரமும் எருமையும் ஆடுந்தான் என்ற அவருடைய கிண்டல் இன்றைக்கும் பிரசித்தம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேடையில் தூரத்தில் நிற்கும் வேஷதாரியைக் குரலே தூக்கி நிறுத்திவிடும். சினிமாவிலோ முகம் கிட்டத்தில் வந்து நிற்கிறது. அங்கே பாட்டு மட்டும் போதாது. நடிப்பைக் குறை சொல்ல ரசிகருக்கு உரிமை உண்டு. ஆனால் "பெண் இந்த வேஷத்தைத் தொடவே கூடாது" என்பது வேறு பேச்சு.

வேடிக்கையைப் பாருங்கள்! அதே கல்கி சொந்தப் பத்திரிகை தொடங்க முனைந்தபோது பணம் வந்தது எப்படி? 1941-ல் 'சாவித்திரி' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக, ஆண் வேஷத்தில் நடித்துச் சம்பாதித்துக் கொடுத்தார்!

எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். மேடையில் ஔவைப் பாட்டியாக நடித்தவர் டி. கே. சண்முகம் என்ற ஆண்பிள்ளை. ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை; 'ஔவை' என்ற பெயரை அவருக்கே சூட்டி மகிழ்ந்தார்கள். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தபோது அந்தக் கிழவியாக வந்தவர் யார் தெரியுமா? நம் சுந்தராம்பாளேதான்!

இது நம் நாட்டு வம்பு மட்டும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனில் 'டாக்டர் ஹூ' என்ற தொடர் 1963-ல் தொடங்கியது. கதாநாயகர் சாகும் தறுவாயில் புது உடல் எடுத்துக் கொள்வார். அதனால் நடிகர்கள் மாறிக் கொண்டே இருப்பார்கள். வரிசையாகப் பன்னிரண்டு ஆண்களுக்குப் பிறகு, 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்ணை அறிவித்தார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்! முன்பு அந்த வேஷம் போட்ட பீட்டர் டேவிசன், பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விடுகிறதே என்று வருந்தினார். அவருக்கு அடுத்து நடித்த காலின் பேக்கர், முன்மாதிரிக்கு ஆணென்ன, பெண்ணென்ன என்று மடக்கினார். 2018 அக்டோபரில் அந்த அம்மாளின் முதல் கதையை 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு அம்மாயி ஒரு கேள்வி போட்டாள்: "நந்தன் கதை எதைப் பத்தினதுங் கண்ணு?"

கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனின் கதை அல்லவா அது! திருப்புன்கூரில் அவன் வெளியே நின்று ஏங்கியபோது, குறுக்கே கிடந்த நந்தியே விலகி வழி விட்டதாம். அந்தக் கதையில் நடிக்க வந்த ஒரு பெண்ணைத்தான் 'இது உன் இடமல்ல' என்று ஊர் முணுமுணுக்கப் பார்க்கிறது.

"கல்லு நந்தியே விலகிச்சு. இந்தத் தாய்மாருக விலக மாட்டாங்களா?" என்றாள் அம்மாயி. பிறகு பேத்தியின் மகளை மடியில் இழுத்துப் போட்டுக் கொண்டு, கண்மைச் சிமிழைத் திறந்து, மேலுதட்டில் முறுக்கு மீசை ஒன்று எழுதினாள். அழுகை பறந்து போயிற்று. அடுத்த நிமிஷம் கூடத்தில் முழங்கிய முழக்கத்தில், தொட்டிலில் தூங்கிய குழந்தைதான் வீல் என்று அலறிற்று!