பழைய பிளாஸ்டிக்கும் ஒரு சரக்குதான்

சென்ற மாதம் எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்க வந்த கிரிவலப் பாதை மளிகைக்காரர் ஒருவர், பில் போட்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றிய பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று விசாரித்தோம். அவருடைய மகன் ஜெர்மனியில் மேல்படிப்பு முடித்து, அங்கேயே ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். “கடன் வாங்கி இன்ஜினீயருக்குப் படிக்க வெச்சு, கடல் தாண்டி அனுப்பினேன். கடைசியில குப்பை பிரிக்கிற எடத்துல போய் நிக்கிறான் அண்ணே. சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?” என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலையே நமது சங்க உறுப்பினர்களுக்கும் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவது புதிதல்ல. அதோடு, அந்தத் தொழிலின் கொள்முதல் நம் கடை வாசலில்தான் தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐதராபாத்தில் பேன்யன் நேஷன் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் மணி வாஜிபேய், ராஜ் மதன்கோபால் என்ற இருவர் தொடங்கியது. இருவரும் அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். மணி படிப்பு முடித்து, செல்போனுக்குள் இருக்கும் சில்லுகளை உருவாக்கும் குவால்காம் கம்பெனியில் இன்ஜினீயராக வேலை பார்த்தார். பிறகு அங்கேயே வியாபார நிர்வாகமும் படித்தார். அத்தகைய உத்தியோகத்தை விட்டு ஊருக்குத் திரும்பி அவர் இறங்கிய தொழில், பழைய ஷாம்பு பாட்டிலையும் உடைந்த கார் பம்பரையும் வாங்கிச் சுத்தம் செய்து விற்கும் தொழில். அவருடைய வீட்டிலும் யாராவது நம் நண்பர் கேட்டது போலவே கேட்டிருக்கக்கூடும்.

நம் நாட்டில் பழைய பொருள்களைச் சேகரிக்க ஆள் இல்லை என்பது குறையல்ல. காயலான் கடைக்காரரும், தெருத்தெருவாகச் சைக்கிளில் வருகிறவரும், சாக்கு தூக்கிப் பொறுக்குகிறவர்களும் விலை போகக்கூடிய எதையும் பெரும்பாலும் விட்டு வைப்பதில்லை. குறை சேர்ந்த சரக்கின் தரத்தில்தான். பல ரகம் ஒன்றாகக் கலந்து, மை, லேபிள், பசை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றோடும் உருக்கப்படுவதால், கடைசியில் கிடைப்பது மலிவான குருணை. அதில் கறுப்புக் குழாயோ மட்டமான வாளியோதான் செய்யலாம். ஷாம்பு கம்பெனி அதைத் திரும்ப வாங்கித் தன் பாட்டில் செய்யாது.

பேன்யன் நேஷன் இரண்டு வேலைகளைச் செய்தது. எந்தச் சிறு வியாபாரியிடம் என்ன சரக்கு, எவ்வளவு இருக்கிறது என்று செல்போன் வழியாகத் தெரிந்துகொள்ள வழி செய்து, சிறு சேகரிப்பாளர்களை ஒரே கொள்முதல் வரிசைக்குள் கொண்டு வந்தது. ஒவ்வொரு மண்டிக்கும் போன் போட்டு இருப்பும் விலையும் கேட்கும் நமக்கு இது புரியாத வித்தையல்ல. இரண்டாவது வேலைதான் கடினமானது. பிளாஸ்டிக்கின் மேல் உள்ள பெயிண்டையும் மையையும் பூச்சையும் நீக்கிக் கழுவும் முறையை உருவாக்கி, புதிய குருணைக்கு ஈடாக நிற்கும் தரத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதனால் டாடா மோட்டார்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தன. 2018இல் டாவோஸ் நகரில் வழங்கப்பட்ட ‘தி சர்குலர்ஸ்’ விருதுகளில் ஒன்றும் அவர்களுக்குக் கிடைத்தது.

நம் தொழில் கணக்கிலேயே சொல்வோம். துவரம்பருப்பில் கல்லும் கடலைப் பருப்பும் கலந்து வந்தால் யாராவது நயம் விலை கொடுப்பார்களா? மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்த்து, கையில் கொட்டி, அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். பாட்டிலின் அடியைப் பாருங்கள், முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் இந்த ரகம். 2 என்றால் கெட்டியான பாலிதீன், ஷாம்பு பாட்டில், எண்ணெய்க் கேன் போன்றவை. பால் கவர் 4, அரிசி வரும் பின்னல் சாக்கு 5. ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. ஒன்றோடு ஒன்று இழைந்து சேராது. பெட் உருகும் சூட்டில் 3ஆம் எண்ணான பி.வி.சி. கருகிவிடும். அதன் சிறு துண்டுகள் சில கலந்தாலே பெட் முழுவதும் மஞ்சளடித்துக் கெட்டுவிடும்.

இவற்றைப் பிரிக்கும் ஒரு வழி, அரிசி களைவது போல மிக எளிது. பாட்டிலைச் சில்லாக அரைத்துத் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடிச் சில்லு மிதக்கும். பெரிய ஆலைகளில் பெல்ட்டின் மேல் ஓடும் பொருள்மீது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து இயந்திரமே ரகம் கண்டுபிடிக்கிறது. வேண்டிய ரகத்தைக் காற்றை ஊதித் தனித் தொட்டியில் தள்ளிவிடுகிறது. நண்பரின் மகன் பார்ப்பது அந்த இயந்திரப் பிரிவில்தான். கண் பார்த்து, கை தொட்டு ரகம் சொல்லும் நம் தரகர் வேலையை அவன் ஒளியை வைத்துச் செய்கிறான். இதில் குனிந்து நிற்க என்ன இருக்கிறது?

ஜெர்மனியைப் பற்றி நம் போன்ற கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 2003 முதல் அங்கே ஒருமுறை உபயோகித்துப் போடும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் உண்டு, ஒன்றுக்கு 25 சென்ட். காலிப் பாட்டிலைத் திரும்பப் பெற்று அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியது அதை விற்கும் கடைக்காரர். பெரிய கடைகளில் இதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பாட்டிலைச் செருகினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துப் பணமாகவோ சரக்காகவோ வாங்கிக்கொள்ளலாம். கேட்டவுடன் நமக்குக் கோலி சோடா ஞாபகம் வந்தது. காலிப் பாட்டில் வராமல் அடுத்த பெட்டி இறங்காது. முன்பணம் வாங்காமல் யாருக்கும் பாட்டிலை வெளியே கொடுக்க மாட்டோம். எண்ணெய் வந்த டின், சர்க்கரை வந்த சாக்கு எல்லாவற்றுக்கும் மறுவிலை இருந்தது. அந்தக் கணக்கை நாம் மறந்தோம், அவர்கள் சட்டமாக்கிக்கொண்டார்கள். நம் மாநிலத்திலும் 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலுக்குத் திருப்பித் தரும் முறை தொடங்கியது.

எங்கள் கடையில் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு கார்த்திகை தீபத்துக்குப் பிறகு கடையைச் சுற்றிச் சேர்ந்த காலிப் பாட்டில்களை மூன்று பெரிய சாக்கில் கட்டி வைத்தோம். பையன் அவசரத்தில் எண்ணெய்க் கேன், தயிர் டப்பா, பிஸ்கட் உறை, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்திருக்கிறான். வாங்க வந்தவர் ஒரு சாக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பாட்டிலுக்குப் பேசிய விலையில் பாதிதான் தருவேன் என்றார். வாய்ச்சண்டை போட்டோம். ஆனால் அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். அட்டைப்பெட்டியிலும் இதே அனுபவம் உண்டு. மழையில் நனைந்த அட்டையை வாங்குகிறவர் தண்ணீருக்கு எடை கழிக்காமல் விடமாட்டார்.

இப்போது தூய சரக்குக்குத் தேவை கூடுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, உறை போட்டு விற்கும் கம்பெனிகள் தாங்கள் வெளியே விட்ட பிளாஸ்டிக்குக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து அதற்கான சான்றிதழ் பெற வேண்டும். உறைகளிலேயே ஒரு பங்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்றும் 2025-26ஆம் ஆண்டிலிருந்து அந்த விதி இலக்கு வைத்திருக்கிறது. ஆக, ஆலைக்குச் சரக்கு வேண்டும்.

இதில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் கேரி பேக் தடை வந்தபோது அபராதம் கட்டியது பெரும்பாலும் நாம்தான். ஆனால் சிப்ஸ், மசாலா, ஷாம்பு சாஷே இவற்றின் உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. காயலான் கடையில் அவற்றை எடை போடவே மாட்டார்கள். மிஞ்சிப் போனால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும். அப்படிப்பட்ட உறையில் சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரர்கள் நம் கடைக்கு வரும்போது, இதற்கு என்ன வழி என்று வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை.

அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் சுற்றி வரும் கூட்டம் நம் கடைகளைத் தாண்டித்தான் போகிறது. தாகத்துக்கு விற்ற பாட்டில் விடிவதற்குள் பாதை ஓரத்திலும் சாக்கடையிலும் கிடக்கிறது. சேற்றில் விழுந்த பாட்டில் இரண்டாம் ரகம்கூட இல்லை. கடை வாசலில் பாட்டிலுக்கு ஒன்று, மற்ற பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று இரண்டு சாக்கு கட்டித் தொங்கவிட்டாலே, குடித்தவர் கையிலிருந்து பாட்டில் தரையைத் தொடாமல் வந்துவிடும். நாங்கள் மூன்று பௌர்ணமியாக இப்படிச் செய்து பார்க்கிறோம். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டோம், பையனின் டீச் செலவுக்கு ஆகிறது. ஆனால் வாங்குகிறவர் இப்போது சாக்கைக் கவிழ்ப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன நண்பர் போன வாரம் மறுபடி வந்தார். தம் கடையிலும் சாக்கு கட்டியிருக்கிறாராம். மூடியைக் கழற்றிப் போடுவதா, அப்படியே போடுவதா என்று எங்களிடம் கேட்டார். அதை மகனிடமே கேட்கச் சொன்னோம். அன்று ராத்திரியே அவன் போனில் சொல்லியிருக்கிறான்: “மூடி இருக்கட்டும்பா, அது தண்ணீல மிதந்து தனியா வந்துடும். உள்ள இருக்கற தண்ணிய மட்டும் கொட்டிட்டு, மிதிச்சுத் தட்டையாக்கிப் போடச் சொல்லுங்க.”