ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல்... பின்னக் கணக்கு இவ்வளவுதான்!

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள பகுதி. இங்கிருந்து ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர், டர்னர் படிக்கப்போகும் பிள்ளைக்கு அளவுகள்தான் அன்றாடம். அதற்கான அடித்தளம் எட்டாம் வகுப்பு 'விகிதமுறு எண்கள்' பாடத்தில் இருக்கிறது. பல பிள்ளைகள் கணக்கை வெறுக்கத் தொடங்குவதும் அங்கேதான்.

தேசியக் கலைத்திட்டம் 2005-க்காக, கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியராக இருந்த ஆர்.ராமானுஜம். பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் அந்தக் குழு முதல் சிக்கலாகச் சுட்டியது.

அரையைவிடக் குறையுமா?

1/2 + 1/3 எவ்வளவு? மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஒன்று கேட்கலாம்: "2/5 பெருசா, அரை பெருசா?" அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? பிழையைப் பிள்ளையே பிடித்துவிடும்.

சரியான வழி தச்சர்களிடமும் கொத்தனார்களிடமும் இருக்கிறது. ஒரு அங்குலத்தை அவர்கள் எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அரை அங்குலமும் ஒரு நூலும் சேர்ந்தால்? அரை என்பது 4 நூல். ஆக 5 நூல், அதாவது 5/8 அங்குலம். 'பகுதியைச் சமமாக்கு' என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். அதேபோல அரையையும் மூன்றில் ஒன்றையும் ஆறு பங்காகப் பிரித்தால் 3/6 + 2/6 = 5/6.

பெருக்கலும் நம் பேச்சிலேயே இருக்கிறது. எண்சுவடியில் வரும் 'அரைக்கால்' என்றால் காலில் பாதி: 1/2 × 1/4 = 1/8. அதில் பாதி மாகாணி, 1/16. இன்னும் இறங்கினால் முந்திரி, 1/320.

வகுத்தலில், 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பதோடு நிறுத்தினால் மறந்துபோகும். 3 அடி குழாயை முக்கால் அடித் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு? நான்கு. 3 ÷ 3/4 என்பதும் 3 × 4/3 என்பதும் அதே நான்குதான். வகுத்தால் எண் பெரிதாகவும் ஆகும் என்பது அப்போது புரியும்.

சம்பளத்தில் எது முதலில்?

எட்டு மணி நேர வேலைக்குத் தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. சட்டப்படி ஓ.டி-க்கு இரட்டிப்பு ஊதியம், எனவே மணிக்கு 150. மாதத்தில் 26 நாள் வேலை, 10 மணி நேரம் ஓ.டி. என்றால், 26 × 600 + 10 × 150.

பெருக்கல்களை முடித்துவிட்டுக் கூட்டினால் 17,100 ரூபாய். இதையே சாதாரணக் கடை கால்குலேட்டரில் வரிசையாகத் தட்டினால் 23,41,500 என்று காட்டும்! அது தட்டத் தட்டக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். செல்போன் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் பெருக்கலை முதலில் செய்துவிடும்.

'போட்மாஸ்' விதியிலும் ஒரு பொறி உண்டு. வகுத்தல் முன்னால் வருவதால் அதுதான் எப்போதும் முதல் என்று அர்த்தமில்லை. பெருக்கலும் வகுத்தலும் சம அந்தஸ்து. இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். கூட்டலும் கழித்தலும் அப்படியே. 10 - 3 + 2 என்பது 9, 5 அல்ல.

2019-ல் 8 ÷ 2(2 + 2) என்ற கணக்கு சமூக வலைதளங்களில் பெரும் சண்டையைக் கிளப்பியது. இடமிருந்து வலமாகப் போனவர்களுக்கு 16. 2(2 + 2) என்பதை ஒரே கட்டாகப் பார்த்தவர்களுக்கு 1. எழுதியவர் இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தால் சண்டையே இல்லை. பிள்ளைகளுக்கு விதியோடு சேர்த்து, தெளிவாக எழுதும் பழக்கத்தையும் சொல்லித்தர வேண்டும்.

இதற்கெல்லாம் பெற்றோர் கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து, ஓ.டி. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தன் கணக்கால் வீட்டுக்கு உபயோகம் உண்டு என்று தெரிந்தால், பயம் மெல்ல விலகும்.