கோலும் குழியும்

தமிழகத்தில் நிலம் அளக்க நெடுங்காலம் பயன்பட்ட கருவி கோல். அக்கருவி வழக்கொழிந்தது, அதன்வழிப் பிறந்த குழி என்னும் அளவுப்பெயரோ புதுவையின் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் இன்றும் வழங்குகிறது. இப்பெயரைத் துணைக்கொண்டு கல்வெட்டுகளின் நிலப்பரப்பைக் கணிப்போர் நினைவிற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரமே குழி. ஆதலின், கோல் நீண்டால் குழி பெருகும். குறுகினால் குழி சுருங்கும். புதுவை வழக்கில் ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. 24ஐ 24ஆல் பெருக்க 576 வருதலின், இக்குழி 24 அடிக் கோலுக்கு உரியதாதல் தெளிவு. தஞ்சை வழக்கிலோ ஒரு குழி 144 சதுர அடி. அது 12 அடிக் கோலுக்கு உரியது. கோல் இருமடங்காகக் குழி நான்மடங்காயிற்று. பெயர் ஒன்றே; பரப்பு வேறு.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் பிறந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுத்தல் பல்லவர்கால முறை. எல்லை காட்டுதற்கு அது போதும். விளைநிலத்தின் பரப்பறிந்து வரி விதித்தற்குக் கோல் வேண்டும். முதலாம் இராசராசன் காலத்துப் பேரளவையும், முதலாம் குலோத்துங்கன் 1086இல் அளப்பித்ததும் இத்தேவையின் பயன் எனலாம்.

சோழர் கல்வெட்டுகள் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனப் பலவற்றைக் குறிக்கின்றன. சாணுக்கு ஒன்பது அங்குலம் எனக் கொண்டால், முன்னதன் குழி 81 சதுர அடி. பின்னதன் குழி 144 சதுர அடி. இவ்வேறுபாடு பற்றியே, குழிக்கணக்கு உரைக்குமிடத்துக் கோலின் பெயரையும் உடன் பொறித்தனர். கோயிற் சுவர்களில் கோலின் நீளத்தையே வெட்டிவைத்ததும் வழக்கிலிருந்தது. ஐயம் எழின் அதனொடு ஒப்பிட்டுத் தெளியலாம்.

1620ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கண்டர் அமைத்த சங்கிலி 66 அடி, 100 கண்ணிகள் உடையது. எவ்வூரில் அளப்பினும் அதன் நீளம் ஒன்றே. கோலின் இயல்பு அத்தகையதன்று. ஆகவே, பாகூரில் இன்று வழங்கும் 576 சதுர அடியைப் பதினாறு சாண் கோலால் அளந்த பழைய நிலத்திற்கு ஏற்றினால், கொடை நான்மடங்காகத் தோன்றும். அதன்மேல் எழுப்பும் விளைவு, வரி பற்றிய முடிபுகளும் பிழைபடும். குழியை எண்ணுமுன் கோலை அறிதல் வேண்டும்.